கொலுசுக்காரன் கட்சி

முட்டிக்குத் தைலம் தடவிக்கினு, தலைக்கு டை அடிச்சிக்கினு திரியற என் செட்டுக்காரங்களே, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன ஞாயித்துக்கெழமை எங்க வூட்டு மாடிப்படியில என் பையனும் அவன் கூட்டாளிங்களும் ஒக்காந்து கத்திக்கினு இருந்தானுங்க. ஆளுக்கொரு போன். ஜப்பான்காரன் எடுக்கற பொம்மைப் படம்தான் பேச்சு. எந்த ஹீரோ ஸ்ட்ராங்கு, எந்த வில்லன் ஸ்ட்ராங்கு, இவன அவன்கிட்ட வுட்டா எவ்ளோ நேரம் தாங்குவான், இதான் சண்டை. நான் அடுப்பாண்ட சாம்பாருக்குத் தாளிச்சிக்கினு இருந்தேன். அப்ப ஒருத்தன் சொன்னான், "டேய், அடி படறதுக்கு முன்னாடியே வுழுந்துட்டான்டா அவன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. கையில இருந்த கரண்டி அப்படியே எண்ணெயில வுழுந்துச்சி. முழங்கையில சுட்டது கூட அப்புறம்தான் தெரிஞ்சிது. "இன்னாம்மா ஆச்சி?"ன்னு பையன் ஓடியாந்தான். "ஒண்ணுமில்ல, போடா"ன்னேன். ஒண்ணுமில்லையா? அதே வார்த்தைய பன்னெண்டு வயசுல, ஒரு ஊரே பாக்கசொல்ல, தொண்டை கிழியக் கத்தினவ நான். கத்தி, ஒருத்தர் காதுலயும் ஏறல.

நம்ம காலத்துல போன் ஏது? உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவுல எங்க ஊரு. கேபிள் இருந்தது ஏதோ சில வூட்லதான். அதுல ஒண்ணு எங்க மாமா வூடு, அம்மாவோட அண்ணன். சாயங்காலம் ஆச்சின்னா அந்த வூட்டு வாசல்ல செருப்பு குவிஞ்சி கெடக்கும். ஜப்பான் பொம்மைங்க தமிழ்ல பேசற படம் ஒண்ணு வரும். அதுல வர்றவங்க பேரு எங்க வாயில நுழையல, நாங்களே பேரு வெச்சிக்கினோம். ஹீரோ வலது கையில துணி சுத்தியிருப்பான். அந்தத் துணிய அவுத்தான்னா மலையே பொடியாயிடும். அவன் கட்டுக்கையன். வில்லனுக்குக் காலுல ஒத்த மணி வெச்ச கொலுசு. ஆளு வர்றதுக்கு முன்னாடி அந்த மணி 'சல், சல்'னு வரும். அவன் கொலுசுக்காரன்.

கட்டுக்கையன் கட்சிக்குத் தலைவன் மாமா பையன். என்னைவிட ஒரு வயசு பெரியவன், ஒரு ஜாண் ஒசரம், அந்தத் திமிரு. அவனுக்கேதான் பின்னால என்னைக் கட்டி வெச்சாங்க, அது தனிக் கொடுமை. கொலுசுக்காரன் கட்சிக்கு நான் தலைவி. என் கட்சியில என்னைத் தவிர ரெண்டு சின்னப் பசங்க, அதுங்களும் முறுக்கு குடுத்தா கட்சி மாறிடும்.

"சத்தம் போட்டுக்கினு வர்றவன்லாம் ஒரு வில்லனாடி? லூசு அவன்" அப்படிம்பான்.

"முதுகுல குத்தமாட்டேன், வர்றேன், பாத்துக்கோன்னு சொல்லிட்டு வர்றான்டா. உங்க ஆளு இன்னா பண்றான்? தோக்கறா மாதிரி இருந்தா கூட்டாளி ஒருத்தன் அழுவணும். ஒடனே கைத்துணி தானா அவுந்துக்கும். அழுது ஜெயிக்கறவன்லாம் ஹீரோவா?"

"அது பாசம்டி!"

"பாசமில்ல, கதை எழுதறவன் அவனுக்குச் சொந்தக்காரன். கொலுசுக்காரன் பனியில வெறுங்காலோட நின்னு கத்துக்கினவன். கணக்கா பாத்தா அவன்தான் ஸ்ட்ராங்கு."

இப்படியே போவும். சிப்ஸ் பொட்டலத்துல அந்தப் படத்து ஆளுங்க படம் போட்ட பிளாஸ்டிக் வில்லை வரும், ஞாபகம் இருக்குதா? ஒரு கொலுசுக்காரன் வில்லைக்கு நான் மூணு கட்டுக்கையன் வில்லை குடுத்தேன். அதை எப்பவும் கையிலயே வெச்சிக்கினு இருப்பேன். ஓரமெல்லாம் கடிச்சி வெச்சிருப்பேன். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா அதைப் பாத்துட்டு, "பேய் பொம்மை வெச்சிக்கினு திரியுது பாரு பொண்ணு"ன்னு எங்கம்மாகிட்ட வத்தி வெச்சாங்க. அம்மாவும், இந்தப் பொம்மைப் படத்தால புத்தி பேதலிக்கப் போவுதுன்னு பொலம்ப ஆரம்பிச்சாங்க.

நான் ஏன் வில்லன் கட்சின்னு கேப்பீங்க. எங்க நைனாவே வில்லன், அப்புறம் நான் எங்க போறது?

நைனா கொத்தனாரு. திருவிழா மாசங்கள்ல கரண்டிய வெச்சிட்டுக் கூத்து ஜமாவோட கெளம்பிடுவாரு. அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா, நூறு பேருக்கு மூத்தவன் இருக்கானே, அந்த ராசா வேஷம் எங்க நைனாவுக்கு. அஞ்சு பேர்ல ரெண்டாமவனா, கதாயுதம் தூக்கிக்கினு அவரைத் தொரத்தறது எங்க மாமா. விரத நாள்ல வேஷத்தோட பேரைச் சொன்னா அம்மா வாய் மேலயே போடுவாங்க. அந்தப் பழக்கத்துல இன்னிக்கும் பேரு சொல்ல வாய் வரல. நீங்களே புரிஞ்சிக்குவீங்க.

படுகளம் பாக்காதவங்க யாராவது இருந்தா சொல்றேன். பாரதம் முடியற நாள் காலையில, கோயிலுக்கு எதிர்ல இருக்கிற தரிசுல மண்ணால ஒரு ராசாவ மல்லாக்கப் படுக்க வெச்சிருப்பாங்க. ஒரு பஸ்ஸு நீளம் இருப்பான். முறுக்கின மீசை, முட்டைக் கண்ணு, தலையில கிரீடம். தொடைக்குள்ள குங்குமத் தண்ணி ரொப்பின பானை ஒண்ணு பொதைச்சிருக்கும். அவனைச் சுத்தி எங்க நைனா ஓடுவாரு, மாமா தொரத்துவாரு. கடைசியில தொடையாண்ட வந்து நைனா நிப்பாரு. மாமா மண்ணுத் தொடையில ஓங்கி அடிப்பாரு. பானை ஒடைஞ்சி செவப்பு பீச்சியடிக்கும், அதே நேரம் நைனா சாய்வாரு. மேல வெள்ளத்துணி போத்திடுவாங்க. நூறு புள்ள பெத்தவளா வேஷம் கட்டினவரு வந்து ஒப்பாரி வெப்பாரு. அம்மன் வேஷக்காரரு அந்தச் செவப்ப எடுத்துத் தலையில தடவிக் கூந்தல முடிவாரு. அது முடியற வரைக்கும் கீழ கெடக்கிற ராசாவ ஒருத்தரும் தொடக்கூடாது. முடிஞ்சதும் ஊரே ஓடிப்போயி மண்ணு ராசா ஒடம்புலேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்துக்கினு போவும். நெல்லு மூட்டையில போட்டு வெச்சா கொறையவே கொறையாதாம்.

"பாத்தியா? வில்லன் மண்ணைத்தான் மடியில கட்டிக்கினு போறாங்க. உங்க ஹீரோ மண்ணை எவன் கேட்டான்?"ன்னு நான் மாமா பையனை மடக்குவேன். "உங்கப்பா தொடையில அடிக்கறது அழுகுணி ஆட்டம்"னு இன்னொண்ணும் போடுவேன். ஒடனே அவன் கல்ல எடுப்பான்.

வாய்தான் அவ்ளோ. நைனா சாயற நேரத்துல எனக்கு அல்லு வுட்டுப்போவும். பொய்யின்னு தெரியும். நேத்து ராத்திரி நம்ம கூட சோறு தின்னவருன்னு தெரியும். ஆனா அந்த வெள்ளத்துணிய போத்தினதும் அம்மா முந்தானைக்குள்ள மூஞ்சிய வெச்சிக்கினு அழுவேன். வருசா வருசம் இதே கதை.

அந்த வருசம் திருவிழாக் காலம் ஆரம்பிக்கசொல்ல ஒரு நாள், நைனா கெணத்தாண்ட ஒக்காந்து சலங்கைக்குப் புது வாரு கோத்துக்கினு இருந்தாரு. நான் போயி ஒக்காந்தேன்.

"நைனா, நீயும் கொலுசுக்காரனும் சண்டை போட்டா யாரு ஜெயிப்பீங்க?"

அவரு சிரிக்கல. நெசமாவே யோசிச்சாரு. "அவன் சாப்ட்டானா?"

"சாப்பிடறத காமிக்கல."

"அப்ப நான்தான். சரி, அவன் செத்தா எப்படித் தெரியும்?"

"காலு மணி நின்னுட்டா செத்துட்டான்னு அர்த்தம்."

நைனா கையில இருந்த சலங்கையப் பாத்தாரு. அப்புறம் காலை நீட்டிக் கட்டிக்கினு குதிகாலை மட்டும் லேசா ஆட்டினாரு. சல், சல்லுனு வந்துச்சி. "இந்த வருசத்துலேர்ந்து நானும் நிறுத்தல. வுழுந்தப்புறம் துணிக்குள்ளேர்ந்து இப்படி ஆட்டறேன். சத்தம் வந்துச்சின்னா நைனா நல்லா கீறேன்னு அர்த்தம். நீ அழுவக்கூடாது, ஆமா. யாராண்டயும் சொல்லிக்காத. செத்த ராசா ஆடறான்னு கூத்து வாத்தியாரு என்னை ஒதைப்பாரு."

மானாம்பதிக்கு அந்தாண்ட ஒரு ஊருல அந்த வருச மொதல் படுகளம். நைனா சாஞ்சாரு. மேளம் நின்னு எல்லாம் கம்முனு ஆச்சி. நான் காதைத் தீட்டிக்கினு நின்னேன். துணிக்குள்ளேர்ந்து சல், சல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கினு வந்துச்சி. ஒப்பாரி வெக்கற நேரத்துல சிரிக்கறேன்னு அம்மா தொடையிலயே கிள்ளினாங்க. கிள்ளினா கிள்ளட்டும். அன்னிக்கு என்னைவிடச் சந்தோசமா எவளும் வூட்டுக்கு வந்திருக்கமாட்டா.

எங்க ஊரு திருவிழாவுக்குக் காப்பு கட்டின வாரம்தான் டிவியில அந்தப் படத்துக்குக் கடைசி நாளு. கட்டுக்கையனும் கொலுசுக்காரனும் நேருக்கு நேர். மாமா வூட்ல நிக்க எடமில்ல. சரியா அந்த நேரம் பாத்து கேபிள் ஒயரு எங்க இத்துச்சோ, படம் கோடு கோடா ஓட ஆரம்பிச்சிடுச்சி. ஒருத்தன் கூரை மேல ஏறி ஒயர ஆட்டறான், ஒருத்தன் டிவி மண்டையில அடிக்கறான். சத்தம் ஒண்டிதான் வந்துச்சி. கொலுசு மணி சல் சல்லுனு கிட்ட வருது. துணி அவுர்ற சத்தம். கட்டுக்கையன் கத்தறான். மணி நின்னுச்சி. அதுக்கப்புறம் டமார்னு அடி.

அவ்ளோதான். மறுபடி அதைப் போடவேயில்ல. அந்தக் கடைசி அடிய நாங்க ஒருத்தருமே கண்ணால பாக்கல.

"மணி நின்னப்புறம்தான்டா அடி வுழுந்துச்சி! அடி படறதுக்கு முன்னாடியே அவன் வுழுந்துட்டான். உங்க ஆளு ஜெயிக்கல, பொணத்த அடிச்சான்!"

"டப்பிங்குல சத்தம் முன்ன பின்ன வரும்டி. அடிதான் மொதல்ல."

"காதாடா அது, இல்ல ஓட்டையா?"

திருவிழா பூராவும் இதே பேஜாருதான். கூழு ஊத்தற எடத்துலயும் இதே சண்டை, பொரிகடலைக் கடையிலயும் இதே சண்டை. பெரியவங்களுக்குத் தலைவேதனை. இப்ப போன்ல தேடினா அந்த சீன் கெடைக்கும்னு என் பையன் சொல்றான். போட்டுக் காட்டட்டுமான்னு கேட்டான். வேணாம்னுட்டேன்.

படுகளத்தன்னிக்குக் காலையில நைனா முகத்துக்கு அரிதாரம் பூசிக்கினு இருந்தாரு. இடது தோளப் புடிச்சிப் புடிச்சி அமுக்கிக்கினாரு. "வாயுவு புடிச்சிக்கிச்சி போல"ன்னாரு. விரதம், வெறும் வயிறு, ராத்திரி பூரா கூத்து, அதான்னு அம்மா ஓமத் தண்ணி காச்சிக் குடுத்தாங்க. ஏப்பம் வந்துச்சின்னாரு. எல்லாருக்கும் நிம்மதி ஆயிடுச்சி.

வெயிலு மண்டையப் பொளக்குது. ஊரே கூடிக் கெடக்குது. நானும் மாமா பையனும் முன்வரிசையில, மண்ணு ராசாவோட முட்டிக்கு எதிர்ல. நைனா கிரீடமும் தோளுல புஜகீர்த்தியும் கட்டிக்கினு ஓடறாரு. மாமா பல்ல நறநறன்னு கடிச்சிக்கினு பின்னால வர்றாரு. ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தா மாதிரி எனக்குப் பட்டுச்சி. தொடையாண்ட வந்து நின்னாரு. வழக்கமா ரெண்டு கையையும் தூக்கி "வாடா!"ன்னு ஒரு கூப்பாடு போடுவாரு. அன்னிக்குக் கை பாதிதான் ஏறிச்சி. கூப்பாடு வரல. மாமா கதாயுதத்த ஓங்கினாரு. அது எறங்கறதுக்கு முன்னாடி நைனா சரிஞ்சாரு.

அப்புறம்தான் அடி வுழுந்துச்சி. பானை ஒடைஞ்சிது, செவப்பு பீச்சிச்சி. "கோவிந்தா! கோவிந்தா!"ன்னு ஊரு அலறுச்சி. வெள்ளத்துணிய போத்தினாங்க. மேளம் நின்னுச்சி.

நான் காதைக் குடுத்தேன். சத்தமே இல்ல.

இன்னும் கொஞ்சம் பாப்போம்னு மூச்சப் புடிச்சிக்கினு நின்னேன். ஒரு கொழந்தை எங்கயோ அழுவுது. வேப்பெல கொத்து ஒரசற சத்தம் கூட கேக்குது. சலங்கை ஒண்டி வரல.

"டேய், மணி வரலடா."

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியா?"ன்னு மாமா பையன் திரும்பினான். என் மூஞ்சியப் பாத்தான். நைனாவப் பாத்தான். அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சி. "ஆமாடி. அடிக்கறதுக்கு முன்னாடியே வுழுந்தாரு. நான் பாத்தேன்"ன்னான். அந்தப் படத்துல யாரும் பாக்காதத, இங்க கோடு இல்லாம ரெண்டு பேரும் பாத்துட்டோம்.

நான் ஓடினேன். சுத்திக்கினு போவ நேரமில்ல. மண்ணு ராசா வயித்து மேலயே ஏறி மிதிச்சிக்கினு ஓடினேன். கூட்டம் 'ஐயோ'ன்னுச்சி. ராசா மேல யாரும் காலு வெக்கக்கூடாது, அதுலயும் பொட்டப்புள்ள. செவப்புத் தண்ணியில வழுக்கி வுழுந்து, எழுந்து, தலைமுடி அவுந்து, மூஞ்சியெல்லாம் செவப்பு. "எங்க நைனா! அடி படறதுக்கு முன்னாடியே வுழுந்துட்டாரு! சலங்கை நின்னுபோச்சி! எழுப்புங்க!"ன்னு கத்தினேன்.

"அம்மன் எறங்கிட்டாடீ!"ன்னு ஒரு பொம்பள கொலவை போட்டா.

அவ்ளோதான். நாலு பக்கமும் கை வந்து என்னைப் புடிச்சிக்கிச்சி. தலையில மஞ்சத் தண்ணி ஊத்தறாங்க. வேப்பெலைய மூஞ்சில அடிக்கறாங்க. பூசாரி சூடம் ஏத்திக்கினு வந்து, "யாரு தாயே நீ? நாங்க இன்னா குத்தம் பண்ணோம்? சொல்லு தாயே"ன்னு கேக்கறாரு. "எங்க நைனாவப் பாருங்கய்யா!" அப்படின்னு கதறறேன். "அம்மா ரொம்ப கோவமா கீறா, மலையேறச் சொல்லு"ன்னு ஒருத்தர் சொல்லி, ஒரு கை விபூதிய என் வாயிலயே போட்டாரு. நாக்கு ஒட்டிக்கிச்சி. பேச்சு வரல. கண்ணு ஒண்டிதான் பேசுது. கூட்டத்துல எங்கம்மாவத் தேடினேன். அம்மாவுக்காவது தெரியும், அம்மா வந்து இழுத்துக்கும்னு பாத்தேன்.

எங்கம்மா ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பி என்னைக் கும்புட்டுக்கினு நின்னாங்க. கண்ணுல தாரை தாரையா தண்ணி. பெத்த பொண்ணு கத்தறான்னு தெரியல அவங்களுக்கு. எவ்ளோ வயசானாலும் இதை மட்டும் என்னால ஜீரணிக்க முடியல. பின்னாடி கேட்டதுக்கு, "உன் கொரலு அப்ப உன் கொரலாவே இல்லடி"ன்னாங்க. இருந்துச்சும்மா. என் கொரலுதான் அது.

அதுக்குள்ள ஒப்பாரி ஆரம்பிச்சிட்டாங்க. பொம்பளைங்க மூக்கச் சிந்திக்கினு ரசிச்சி அழுவறாங்க. துணிக்குக் கீழ ஒரு மனுசன் நெசமாவே போய்க்கினு கீறாரு.

அப்பதான் மாமா பையன் களத்தைச் சுத்திக் கட்டியிருந்த கவுத்துக்குள்ள பூந்து அவங்கப்பா கையிலிருந்த கதாயுதத்த ரெண்டு கையாலயும் புடிச்சித் தொங்கினான். "யப்பா! நீ அடிக்கல! நீ அடிக்கறதுக்கு முன்னாடியே மாமா வுழுந்துட்டாரு! நான் பாத்தேன்பா! நீ அடிக்கவே இல்ல!" கட்டுக்கையன் கட்சித் தலைவன். அடிதான் மொதல்லன்னு அத்தினி நாளு என் உயிர எடுத்தவன். அன்னிக்கு ஊரு முன்னால அவன் வாயால ஒத்துக்கினான்.

மாமா வேஷத்துல மொறைப்பா நின்னுக்கினு இருந்தவரு, ஒரு நிமிசம் பையனைப் பாத்தாரு. குனிஞ்சி வெள்ளத்துணிய இழுத்தாரு. நைனா மூஞ்சியில அரிதாரம் அப்படியே இருக்குது, அதுக்கு மேல வேர்வை முத்து முத்தா. ஒதடு ஒண்டி நீலமா.

"தொடாத! அம்மன் இன்னும் முடி முடியல!"ன்னு பூசாரி கத்தறாரு.

மாமா கதாயுதத்தத் தூக்கி வீசினாரு. நைனாவ அப்படியே வாரித் தோளு மேல போட்டுக்கினாரு. ஓடினாரு பாருங்க. தொரத்தித் தொரத்திக் கொல்ல வந்தவன், செத்த ராசாவத் தூக்கிக்கினு வரப்பு மேல ஓடறான். ஊரு வாயப் பொளந்துக்கினு நின்னுச்சி. ஒப்பாரி வெச்சவரு பாதி வார்த்தையில நின்னுட்டாரு. அம்மன் வேஷக்காரரு அவுத்த தலைமுடிய கையில புடிச்சிக்கினு அப்படியே பாக்கறாரு. திருவிழாவுக்கு சோடா விக்க மினி வேன் ஒண்ணு வந்திருந்துச்சி. பொட்டியெல்லாம் தள்ளி வுட்டு, பாட்டிலு ஒடைய, அதுல நைனாவப் போட்டுக்கினு கெளம்பிட்டாரு.

உத்திரமேரூரு ஆஸ்பத்திரியில ரெண்டு ராசாவ வேஷத்தோட பாத்துட்டு டாக்டரம்மா ஒரு அடி பின்னால போயிட்டாங்களாம். மாரடைப்பு. ஊசியப் போட்டுட்டு, ஆம்புலன்சுல செங்கல்பட்டுக்கு அனுப்பினாங்க. "நீங்க தூக்கிக்கினு ஓடியாந்ததாலதான் இந்தாளு மூச்சு விடறாரு"ன்னு மாமாகிட்ட சொன்னாங்களாம்.

இதோட கதை முடிஞ்சிதுன்னு நெனைக்கறீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

நைனா கண்ணு முழிச்சன்னிக்கு என்னையும் கூட்டிக்கினு போனாங்க. கட்டிலாண்ட மாமா நின்னுக்கினு இருந்தாரு. காதுக்குப் பின்னால இன்னும் பச்சைச் சாயம் போவல. நைனா அவரைப் பாத்தாரு. மொதல் வார்த்தையா கேட்டாரு, "முடி முடிஞ்சிதா?"

மாமா தரையப் பாத்தாரு. "இல்ல மச்சான். ராசா இல்லாம முடியக்கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு."

"கூத்தக் கெடுத்துட்டியே, பாவி." அவ்ளோதான் சொன்னாரு. செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு.

உசுர குடுத்தவன் எதிர்ல நிக்கறான், இவரு முதுகக் காட்டறாரு. வெறுப்பா இருந்துச்சி எனக்கு, நைனா மேல மொதமொதலா. அன்னியிலேர்ந்து அவரு மாமாகூட பேசல. மாமா வந்தா நைனா எழுந்து கொல்லைக்குப் போயிடுவாரு. மாமா எங்க வாசல்ல ஒரு சீப்பு வாழப்பழத்த வெச்சிட்டுக் கம்முனு போயிடுவாரு.

ஊரு இன்னும் மோசம். அம்மன் தலைவிரி கோலமா நிக்கறா, ஊருக்கு ஆவாதுன்னாங்க. ஒரு ஆடு செத்தாலும் அதனாலதான், ஒரு போருல தண்ணி வத்தினாலும் அதனாலதான். யாரும் பிடி மண்ணு எடுக்கல. மண்ணு ராசா சாவாத ராசாவா தரிசுல அப்படியே கெடந்தான். மழை வந்துதான் கரைச்சிது. என் கொலுசுக்காரன் வில்லையும் அந்தச் சேத்துலதான் எங்கயோ போச்சி. இன்னொரு பக்கம், பொம்மைப் படத்தாலதான் எல்லாம்னு மாமா வூட்டு கேபிள அத்துட்டாங்க. அது பத்தாதுன்னு வெள்ளிக்கெழமையில சில பொம்பளைங்க புள்ளைங்களத் தூக்கிக்கினு, எனக்கு அம்மன் எறங்கும்னு, விபூதி போடச் சொல்லி வந்து நின்னாங்க. எங்கம்மா வெளக்கமாத்த எடுத்தாங்க.

அடுத்த வருசம் காப்பு கட்டறதுக்கு முன்னாடி நைனா சலங்கைய எடுத்துத் தொடைக்க ஆரம்பிச்சாரு. அம்மாவுக்கு வந்துச்சி பாருங்க கோவம். "கல்லு தூக்கக்கூடாது, ஓடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. உனக்கு வேஷம் பெருசா, நாங்க பெருசா?"

"ஓடமாட்டேன். ஓடறதுக்கு சின்னப்பையன் ஒருத்தன் கீறான். நான் கடைசியில வந்து படுக்கறேன், அவ்ளோதான். ஒரு வருசமா அம்மன் தலைய விரிச்சிக்கினு நிக்கறா. யாரால?"

மாமா முடியாதுன்னுட்டாரு. தூது நான்தான். "மறுபடி உங்கப்பன அடிக்க என் கை வராது. வேற ஆள வெச்சிக்கச் சொல்லு"ன்னாரு. அதை வந்து சொன்னேன். நைனா சலங்கையக் கீழ வெச்சாரு. அப்புறம், "உங்க மாமன்கிட்ட போயி சொல்லு. அவன் அடிக்காம நான் சாவமுடியாது. ஒரு வருசமா இந்த ஊரு நடுவுல சாவாத ராசாவா கீறேன். வேற எவன் அடிச்சாலும் எனக்கு சாவு வராதுன்னு சொல்லு"ன்னாரு. போயி சொன்னேன். மாமா கேட்டுட்டு மூஞ்சியக் கழுவிக்கினு வந்து, "அரிதாரம் வாங்கணும்"னு கெளம்பிட்டாரு.

படுகளத்தன்னிக்கு நான் மண்ணு ராசா முட்டியாண்டயே நின்னேன். அம்மா என் தோளப் புடிச்சிக்கினு இருந்தாங்க. சின்னப்பையன் ஓடி முடிச்சான். நைனா கிரீடத்தோட மெதுவா நடந்து வந்து தொடையாண்ட நின்னாரு. ரெண்டு கையையும் முழுசா தூக்கினாரு. "வாடா!"ன்னாரு.

மாமா கதாயுதத்த ஓங்கினாரு. அடி வுழுந்துச்சி, பானை ஒடைஞ்சிது, அப்புறம்தான் நைனா சாஞ்சாரு. அந்த வரிசைய நானும் மாமா பையனும் கண்ணக் கொட்டாம பாத்தோம். வெள்ளத்துணிய போத்தினாங்க. மேளம் நின்னுச்சி.

ஊரே மூச்சு வுடல. போன வருசம் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் கீதே.

சல்.

சல், சல். சல், சல், சல்.

போன வருசம் மானாம்பதி பக்கத்துல கேட்ட சத்தமில்ல அது. லேசா குதிகால ஆட்டறதெல்லாம் இல்ல, துணியே குதிக்குது. ஒப்பாரி ஆரம்பிச்சிது, சலங்கை நிக்கல. ஒப்பாரிக்காரரு குனிஞ்சி, "யோவ், போதும்யா"ன்னு பல்லக் கடிச்சாரு. நிக்கல. கூட்டத்துல சிரிக்கறாங்க, அழுவறாங்க, ரெண்டும் பண்றாங்க. வாத்தியாரு தலையில கைய வெச்சிக்கினாரு. அம்மன் செவப்பத் தடவிக் கூந்தல முடிஞ்சா. "கோவிந்தா!"ன்னு வானம் பிளந்துச்சி. ஜனம் மண்ணு எடுக்கப் பாஞ்சிது. அந்தக் கூச்சல்லயும் சலங்கை ஆடிக்கினே கீது.

மாமா மொறைப்ப வுட்டுட்டு நைனா காலாண்ட போயி மண்டி போட்டு ஒக்காந்தாரு. துணிக்குள்ளேர்ந்து நைனா கொரலு. ஒரு வருசத்துக்கு அப்புறம் மாமாகிட்ட பேசின மொதல் பேச்சு.

"மச்சான், பாப்பா காதுல வுழுந்துச்சா பாரு."

மாமா என்னை நிமிந்து பாத்தாரு. நான் தலைய ஆட்டினேன். எனக்கு வாயில விபூதி போட்டா மாதிரி பேச்சு வரல.

"வுழுந்துச்சி மச்சான்"ன்னாரு மாமா.

அதுக்கப்புறம்தான் நைனா காலை நிறுத்தினாரு.